நாலாம் நம்பர் ஜின்

ஒவ்வொரு மனுஷனுக்கும் உடம்பில் ஏதாவது ஓர் உறுப்பின் மேல் கர்வம் இருக்கும். ஒருவனுக்கு மீசை. ஒருவனுக்குக் குரல். என் சித்தப்பாவுக்குக் காது மடல். ஏன் என்று இன்றுவரை யாருக்கும் தெரியாது. எனக்கு மூக்கு. பார்க்க அழகான மூக்கு என்று சொல்லவில்லை. உடைத்த வெல்லக்கட்டி மாதிரிதான் இருக்கும். ஆனால் போடிநாயக்கனூர் ஏலக்காய்க் கடைகளில் இதைவிடக் கூர்மையான மூக்கு கிடையாது என்று நானே முடிவு செய்து, நானே அறிவித்து, நானே நம்பியும் வந்தேன். அந்த மூக்கை நம்பி ஒரு ஜின் பாட்டிலைத் தேர்ந்தெடுத்தேன். அதன் பலனாக ஒரு ஞாயிற்றுக்கிழமை மாலை, பெண் கேட்கப் போன வீட்டு முற்றத்தில் பனியனோடு நின்றேன்.

ஏழு வருடம் ஆகிவிட்டது. என் குடும்பத்தில் யாரும் அதை மறக்கவில்லை. என்னையும் மறக்க விடுவதில்லை. அதனால் நானே எழுதிவிடுகிறேன். மற்றவர்கள் சொன்னால் கூடச் சேர்த்துச் சொல்வார்கள்.

அப்போது எனக்கு முப்பத்தோரு வயது. ஏலக்காய்க் கடை ஒன்றில் தரம் பார்க்கும் வேலை. (இப்போதும் அதே கடை, அதே வேலைதான். நாற்காலிக்கு மட்டும் சக்கரம் வந்திருக்கிறது.) மலையிலிருந்து இறங்கும் காயைக் கை நிறைய அள்ளி, பச்சை பார்த்து, பருமன் பார்த்து, நகத்தால் கீறி, உள்ளே இருக்கும் கறுப்பு அரிசியைக் கடித்துத் துப்பி, "இது இன்ன தரம்" என்று சொல்ல வேண்டும். எங்கள் வேலையில் ஒரு பழக்கம் உண்டு. "இந்தக் காய் நல்லதா?" என்று யார் கேட்டாலும் "யாருக்கு?" என்று திருப்பிக் கேட்போம். வடக்கே போகிற காய்க்கு ஒரு கண், வளைகுடா போகிற காய்க்கு ஒரு கண். "உனக்கு எது பிடிக்கும்?" என்று பத்து வருடத்தில் ஒருவரும் என்னைக் கேட்டதில்லை. நானும் என்னைக் கேட்டுக்கொண்டதில்லை.

அப்புறம் கயல்விழி வந்தாள். வங்கி அதிகாரி. தூத்துக்குடியில் வளர்ந்தவள், போடிக்கு மாற்றலாகி வந்திருந்தாள். நாங்கள் பழகியதே சண்டையில்தான். வங்கியில் டோக்கன் மெஷின் வேலை செய்யாததற்கு ஒரு நாள் நான் போட்ட கூச்சலில், களிமண் பொம்மை போல அசையாமல் உட்கார்ந்திருந்த காவலாளி கூட எழுந்து நின்றுவிட்டார். கயல் மட்டும் அசரவில்லை. என் முன்னால் ஒரு தம்ளர் தண்ணீரை வைத்து, "இதக் குடிச்சிட்டு மொதல்லருந்து கத்துங்க. எனக்குப் பாதி புரியல" என்றாள். நான் குடித்தேன். கத்த வந்தது மறந்துபோயிற்று.

பழக ஆரம்பித்த புதிதில் ஒருமுறை அவள் சொன்னாள். "உங்க ஊர்ல அடகு வைக்கிற நகை கூட ஏலக்கா வாசம் அடிக்குது. ஊருக்குள்ள நுழையும்போதே குப்புன்னு வருதே, அது எப்படி இவ்வளவு பேரு சும்மா இருக்கீங்க?"

"என்ன வாசம்?" என்றேன்.

நான் விளையாடுகிறேன் என்று அவள் நினைத்துக்கொண்டாள். நான் விளையாடவில்லை.

இப்போது அவளுடைய அப்பாவுக்கு வருகிறேன். பெயர் ராஜாங்கம். முப்பத்தைந்து வருடம் கப்பலில் இன்ஜினியர். ஊரில் கப்பக்காரர் என்றால்தான் தெரியும். போடியில் ஏலக்காய் வியாபாரம் செய்த குடும்பத்தின் ஒரே பையன் அவர். சின்ன வயதில் சாப்பிட்டது, படித்தது, படுத்தது எல்லாமே மூட்டைகளுக்கு நடுவில். பள்ளிக்கூடத்தில் பக்கத்துப் பையன்கள் அவருடைய நோட்டை மோந்து பார்த்துச் சிரிப்பார்களாம். "இந்த வாசம் வராத இடத்துக்குப் போறேன்" என்று பத்தொன்பது வயதில் கிளம்பியவர், கடலில்தான் போய் நின்றார். ஓய்வு பெற்றபின் மனைவியின் பிடிவாதத்தால் ஊர் திரும்பினார். ஆனால் ஊருக்குள் வரவில்லை. குரங்கணி போகும் பாதையில், காபியும் இலவமரமும் மட்டும் இருக்கிற, ஓர் ஏலச்செடி கூட இல்லாத சரிவாகத் தேடிப் பிடித்து வீடு கட்டினார். அந்த வீட்டில் டீயில் ஏலக்காய் கிடையாது. பாயசத்தில் கிடையாது. பொங்கலில் கூடக் கிடையாது.

அவருடைய ஒரே சந்தோஷம், சாயங்காலம் ஆறு மணிக்கு ஜின்னில் கலக்குகிற மார்ட்டினி என்கிற மது. ஒன்றுதான். இரண்டு கிடையாது. ஏதோ ஒரு துறைமுகத்தில் முதல்முறை அதைக் குடித்தபோது, ஊர் வாசம் துளியும் இல்லாத திரவத்தைக் கடைசியில் கண்டுபிடித்துவிட்டோம் என்று கண்கலங்கினாராம்.

இவரிடம்தான் நான் பெண் கேட்க வேண்டும். கயல் விஷயத்தைச் சொன்னதும் அவரே எனக்கு போன் செய்தார்.

"தம்பி, ஞாயித்துக்கிழமை சாயந்தரம் வாங்க. ஆறு மணிக்கு நான் ஒரு மார்ட்டினி குடிப்பேன். அன்னைக்கு அத நீங்க போட்டுக் குடுங்க."

"சரிங்க சார்." (மார்ட்டினி என்றால் என்னவென்று அந்த நிமிடம் எனக்குத் தெரியாது. யாரோ பாதிரியார் பெயர் என்று நினைத்தேன்.)

"ஐஸு, வெர்மூத்து, கிளாஸு எல்லாம் இங்க இருக்கு. ஜின்னு மட்டும் நீங்க கொண்டாங்க. கடைக்காரன் சொன்ன ஜின்னு வேணாம். செல்லுல பாத்த ஜின்னும் வேணாம். நாலஞ்சு வாங்கிக் குடிச்சுப் பாத்து, உங்களுக்கு எது பிடிக்குதோ அதக் கொண்டாங்க. ஒருத்தனுக்கு என்ன பிடிக்கும்னு தெரிஞ்சாத்தான் அவன் யாருன்னு எனக்குப் பிடிபடும்."

இதற்கும் ஒரு சரியைச் சொல்லிவிட்டு போனை வைத்திருக்கலாம். வைத்தேனா?

"சார், நான் ஏலக்காய மோந்து பாத்தே எந்த மலைக் காயின்னு சொல்றவன். என் மூக்குக்கு ஜின்னெல்லாம் ஒரு சோலியே இல்ல சார்."

"ஏலக்காயா?" என்றார்.

"ஆமா சார்."

"ஞாயித்துக்கிழமை பாப்போம்."

ஐந்தே நிமிடத்தில் கயல் கூப்பிட்டாள். "எங்கப்பாகிட்ட அந்த ஒரு வார்த்தைய மட்டும் சொல்லாதன்னு சொன்னேன்ல? மொதப் பேச்சிலயே சொல்லியிருக்க."

"என் தொழில நான் எதுக்கு மறைக்கணும்?"

"மறைக்க வேணாம். அவர் மூஞ்சில தேய்க்காத. வரும்போது ரெண்டு தடவ குளி. பெட்டியிலருந்து பிரிச்ச புதுச் சட்டையப் போடு. ஜீப்புல மூட்டை ஏத்தாத. அப்பா சரின்னு சொல்லலைன்னா நான் ஓடியெல்லாம் வரமாட்டேன், இப்பவே சொல்லிட்டேன். அடுத்த வாரம் எனக்கு பேங்க்ல ஆடிட் இருக்கு."

காதலுக்காக எத்தனையோ பேர் என்னென்னவோ செய்திருக்கிறார்கள். நான் ஆடிட்டுக்கு அடுத்த இடத்தில் இருந்தேன்.

நாலு ஜின் பாட்டில்கள் சேர்த்தேன். நாலு ஊர்களில் இருக்கும் நாலு சிநேகிதர்கள் மூலமாக வந்தன. எப்படி வந்தன என்று கேட்காதீர்கள். பெயரும் சொல்லமாட்டேன், அந்த நாலு கம்பெனியும் எனக்கு ஒரு தீங்கும் செய்யவில்லை. பாட்டில்கள் நாலும் கல்யாணப் பெண் மாதிரி அலங்காரமாக இருந்தன. ஒன்றில் மயில், ஒன்றில் படகு. அங்கேதான் எனக்குச் சந்தேகம் வந்தது. இந்த அலங்காரத்தைப் பார்த்து மயங்கித் தேர்ந்தெடுத்தால் நான் என்ன தரம் பார்ப்பவன்?

ஏலத்தில் காய் யாருடையது என்று வெளியே தெரியாது. லாட்டு நம்பர்தான் தெரியும். பெயரைப் பார்த்து விலை சொல்லக்கூடாது, காயைப் பார்த்துச் சொல்ல வேண்டும். ஜின்னுக்கும் அதையே செய்தேன். அலங்காரப் பாட்டில்களைக் காலி செய்து சாதாரணப் பாட்டில்களில் ஊற்றி, ஒன்று முதல் நாலு வரை நம்பர் ஒட்டினேன். (கொஞ்சம் கொஞ்சமாக அளந்து ஊற்றுகிற பொறுமை எனக்கில்லை. முழுசாகவே கவிழ்த்தேன்.) வீட்டிலிருந்து மூன்று ஜூஸ் பாட்டில் கொண்டுவந்திருந்தேன். நாலாவதுக்குப் பாட்டில் இல்லை. கடை அலமாரியின் மேல்தட்டில் பழுப்புக் கண்ணாடிப் பாட்டில் ஒன்று சும்மா கிடந்தது. எடுத்து சோப்புத்தூள் போட்டு மூன்று முறை கழுவினேன்.

எங்கள் கடையில் இருபது வருடமாகக் காய் பொறுக்கும் செல்லத்தாய் அக்கா, நான் கழுவுவதைப் பார்த்து எழுந்து வந்தார்.

"முத்து, அந்தப் பாட்டிலு..."

"அக்கா, உங்க சோலியப் பாருங்க. எனக்கு ஆயிரம் வேலை கெடக்கு!"

அவர் போய்விட்டார். இந்த இடத்தை ஞாபகம் வைத்துக்கொள்ளுங்கள்.

சனிக்கிழமை மத்தியானம், கடையில் வேலை ஓய்ந்தபின், மூன்று பேர் உட்கார்ந்தோம். நான். என்னுடன் தரம் பார்க்கும் மூத்தவர் தங்கமலை அண்ணன். "மோந்து மட்டும் பாப்பேன், வாயில வைக்கமாட்டேன்" என்ற நிபந்தனையுடன் செல்லத்தாய் அக்கா. சுற்றிலும் உத்தரம் வரை ஏலக்காய் மூட்டைகள். ஒரு லாட்டுக்கும் அடுத்த லாட்டுக்கும் நடுவில் வாய் சுத்தமாக வேண்டும் என்று ஆளுக்கு ஓர் ஏலக்காய் மென்றோம். (எழுதும்போதுதான் எனக்கே தெரிகிறது. அன்று யாருக்கும் தெரியவில்லை.)

முதல் நம்பர். தங்கமலை அண்ணன் ஒரு வாய் வைத்துவிட்டு, "ஆரஞ்சு முட்டாய் மாதிரில்ல இருக்கு. சின்னப்புள்ளைகளுக்குக் குடுக்கலாம்" என்றார். உடனே, "குடுக்கக்கூடாது" என்று திருத்திக்கொண்டார்.

இரண்டாம் நம்பர். ஜூனிப்பர் என்று ஒரு காய்தான் ஜின்னுக்கு உயிர் என்று படித்திருந்தேன். அது இதில் உடம்பெல்லாம் இருந்தது. செல்லத்தாய் அக்கா மோந்துவிட்டு முகத்தைத் திருப்பினார். "கதவுக்கு அடிக்கிற வார்னீசு."

மூன்றாம் நம்பரில் மிளகும் கொத்தமல்லி விதையும் தூக்கலாக இருந்தன. "இது ரசம் மாப்ளே" என்றார் அண்ணன். "சோறு இருந்தா கொண்டா."

நாலாம் நம்பர்.

அண்ணன் இன்னொரு வாய் குடித்தார். நானும் குடித்தேன். ஆரஞ்சு இல்லை, வார்னிஷ் இல்லை, ரசம் இல்லை. தொண்டையில் குளுகுளுவென்று இறங்கியது. காலையில் மலையில் ஜன்னலைத் திறந்தால் ஒரு காற்று வருமே, அது.

"வாசமே இல்லையேப்பா. சுத்தமான சரக்கு" என்றார் அக்கா.

"வீட்டுக்கு வந்து சட்டையக் கழட்டிப் போட்ட மாதிரி இருக்கு மாப்ளே" என்றார் அண்ணன். அவர் வாழ்க்கையில் சொன்ன ஒரே உவமை அதுதான். அதையும் தீர்க்கதரிசி மாதிரி சொல்லியிருக்கிறார் என்று மறுநாள்தான் புரிந்தது.

மூன்று மூக்கும் ஒரே தீர்ப்பு. நாலாம் நம்பரைப் புனல் வைத்து அதன் மயில் பாட்டிலிலேயே திரும்ப ஊற்றினேன். அன்று ராத்திரி முழுக்க வீட்டில் ஒரு சொம்பில் தண்ணீரும் ஐஸும் போட்டு, நீளக் கரண்டியால் கலக்கிப் பழகினேன். முப்பது சுற்று. குலுக்கக்கூடாது, கலக்கத்தான் வேண்டும் என்று கயல் கண்டிப்பாகச் சொல்லியிருந்தாள். அம்மா எட்டிப் பார்த்துவிட்டு, "மோரா?" என்று கேட்டார். "மாமனாரு" என்றேன்.

ஞாயிற்றுக்கிழமை இரண்டு தடவை இல்லை, மூன்று தடவை குளித்தேன். மூன்று விதமான சோப்பு. புதுச் சட்டையைப் பெட்டியிலிருந்து பிரித்துப் போட்டதில் காலருக்குள் ஒரு குண்டூசி இருந்து குத்தியது. கத்தவில்லை. கத்தக்கூடாது என்று அன்றைக்கு விரதம். பெண் கேட்கத் தனியாகப் போவது மரியாதை இல்லை என்பதால் தங்கமலை அண்ணனைப் பெரியவராக அழைத்துக்கொண்டேன். அவரும் ஒரு புதுச் சட்டை. ஜீப்பைக் கழுவினேன். மயில் பாட்டிலை மடியில் குழந்தை மாதிரி வைத்துக்கொண்டு மலையேறினேன்.

வராந்தாவில் ராஜாங்கம் சார் உட்கார்ந்திருந்தார். நெட்டையான ஆள். முழுக்கைச் சட்டை, ஷூ. சொந்த வீட்டு வராந்தாவில் ஷூ போட்டு உட்காருகிற மனிதரை நான் அன்றுதான் பார்த்தேன். எங்களை அருகில் அழைத்து, கை கொடுத்து, அப்படியே மெதுவாக மூச்சை இழுத்தார். மோந்து பார்க்கிறார்! மூன்று சோப்பும் தங்கள் கடமையைச் செய்தன. தலையை ஆட்டினார். கயல் கதவருகே நின்று என்னைப் பார்த்து லேசாகச் சிரித்தாள். பாதி கல்யாணம் முடிந்துவிட்டது என்று நினைத்தேன்.

பாட்டிலைப் பார்த்தார். "மயிலா? நல்ல ஜின்னு. எனக்கும் பிடிக்கும். நீங்களே தேர்ந்தெடுத்ததா?"

"நாலு பாத்தேன் சார். பேரு பாக்காம, நம்பரு போட்டு."

"பலே" என்றார். முக்கால் கல்யாணம்.

சரியாக ஆறு அடிக்க ஐந்து நிமிடம். ஐஸ் போட்டேன். ஐந்து பங்கு ஜின், ஒரு பங்கு வெர்மூத் என்கிற மூலிகை ஒயின். முப்பது சுற்று. கூம்பு வடிவக் கிளாஸில் வடித்து, எலுமிச்சைத் தோலைச் சீவி மேலே முறுக்கிப் போட்டேன். ராஜாங்கம் சார் கடிகாரத்தைப் பார்த்தார். ஆறு மணி. கிளாஸை உயர்த்தினார். ஒரு வாய் குடித்தார்.

முகம் அப்படியே நின்றது.

கிளாஸை மேஜையில் வைத்துவிட்டு, வீட்டுக்குள் பார்த்து ஒரு சத்தம் போட்டார். "உள்ள என்ன நடக்குது? பாயசம் வைக்கிறியா? எத்தன தடவ சொல்லியிருக்கேன்!"

கயலின் அம்மா கையில் டிவி ரிமோட்டோடு வெளியே வந்தார். "அடுப்பே பத்த வைக்கல. எதுக்கு இப்படிக் கத்துறீங்க?"

ராஜாங்கம் சார் என் பக்கம் திரும்பினார். "தம்பி, கொஞ்சம் அந்தக் கடைசிக்குப் போய் நில்லுங்க."

போனேன். வராந்தாவின் கோடிக்கு, பத்தடி தூரம். அவர் இன்னொரு வாய் குடித்தார். தலையை அசைத்தார்.

"அண்ணே, நீங்களும் போங்க."

தங்கமலை அண்ணனும் வந்து என் பக்கத்தில் நின்றார். இன்னொரு வாய். மறுபடி தலையசைப்பு.

"ரெண்டு பேரும் சட்டையக் கழட்டி ஜீப்புல போட்டுட்டு முத்தத்துல நில்லுங்க."

பெண் கேட்க வந்த இடத்தில் சட்டையைக் கழற்றச் சொன்னால் நீங்களாக இருந்தால் என்ன செய்வீர்கள்? நானும் அதைத்தான் செய்ய நினைத்தேன். ஆனால் கயல் என்னைப் பார்த்த பார்வையில் ஆடிட் தெரிந்தது. கழற்றினேன். மலைக்காற்று பனியனுக்குள் புகுந்து வெளியே வந்தது. அண்ணன் பனியனில் இரண்டு ஓட்டை. "வீட்டுக்கு வந்த மாதிரி இருக்கா அண்ணே?" என்று பல்லைக் கடித்துக்கொண்டு கேட்டேன். அவர் ஓட்டைகளைக் கையால் பொத்திக்கொண்டார்.

ராஜாங்கம் சார் நாலாவது வாய் குடித்தார். அப்புறம் கிளாஸைத் தூக்கி வெளிச்சத்தில் பார்த்தார்.

"ஏலக்கா" என்றார். "உள்ள இருக்கு."

"என்ன சார்?"

"இதுக்குள்ள ஏலக்கா இருக்குய்யா!"

என் விரதம் அங்கே முடிந்தது. மூக்கைச் சொன்னால் எனக்குப் பொறுக்காது. முற்றத்திலிருந்து படியேறி வந்து, பனியனோடு, அவருடைய கிளாஸை எடுத்து நானே மோந்து பார்த்தேன்.

"இதுல ஏலக்காயே இல்ல சார்!"

"இருக்கு!"

"பத்து வருசமா ஏலக்கா பாக்குறேன், எனக்குத் தெரியாதா? அண்ணே, நீங்க பாருங்க."

அண்ணன் மோந்தார். ஒரு வாய் குடித்தும் பார்த்தார். "ஏலக்காயா? எங்க?" என்றார் மனசாரவே.

"பாத்தீங்களா சார்? ரெண்டு பேரு சொல்றோம். கோவிச்சுக்காதீங்க, உங்க மூக்குலதான் கோளாறு. வயசாச்சுல்ல."

கயல் நெற்றியில் அடித்துக்கொண்டது எனக்குக் கேட்டது. அவளுடைய அம்மா ரிமோட்டைக் கீழே வைத்துவிட்டு வந்து கிளாஸை வாங்கி மோந்தார். "இது பாயசந்தான்" என்றார். கயல் மோந்தாள். "பாட்டிலத் தெறந்தப்பவே வந்துச்சு. சட்டைலருந்து வருதுன்னு நெனச்சேன்" என்றாள். வேலி ஓரம் இலவங்காய் பொறுக்கிக்கொண்டிருந்த ஓர் ஆளைக்கூடக் கூப்பிட்டுக் காட்டினார் ராஜாங்கம் சார். அவர் மேலே கேரளத் தோட்டத்திலிருந்து வந்தவர். "நல்ல மணம் சாரே. ஏலக்கா" என்றார். நான் நம்பியிருந்த கடைசி ஓட்டும் எதிர்ப்பக்கம் விழுந்தது.

"பாட்டில எங்க வச்சிருந்தீங்க?" என்றார் ராஜாங்கம் சார். கப்பலில் இன்ஜின் கெட்டால் எப்படி விசாரிப்பாரோ அப்படி.

சொன்னேன். நம்பர் போட்டது, ஜூஸ் பாட்டில், பழுப்புப் பாட்டில்.

"எந்தப் பழுப்புப் பாட்டிலு?"

செல்லத்தாய் அக்காவுக்கு போன் போட்டேன், ஸ்பீக்கரில். விஷயத்தைச் சொன்னதும் அக்கா சிரித்த சிரிப்பில் எதிர்மலையிலிருந்து குருவி பறந்தது.

"அது ஏலக்கா எண்ணெப் பாட்டிலுப்பா! எண்ணெ எடுக்குற பார்ட்டி சாம்பிளுக்குக் குடுத்துட்டுப் போனதுல்ல! நீ கழுவுறப்பவே சொல்ல வந்தேன். சோலியப் பாருங்கன்னு கத்துன. நான் என் சோலியப் பாத்தேன்."

"அப்ப நீங்க மோந்து பாத்து வாசமே இல்லைன்னு சொன்னீங்களேக்கா?"

"எனக்கு எங்கேப்பா தெரியும்? நமக்கு ஏலக்கா வாசம் தெரியாம எத்தன வருசமாச்சு!"

அந்த ஒரு வரியில் என் மூக்கு விழுந்தது. வருடக்கணக்காக மூட்டைகளுக்கு நடுவில் உட்கார்ந்ததில், எங்கள் மூன்று பேருக்கும் ஏலக்காய் என்பது காற்று மாதிரி ஆகிவிட்டது. காயை விரலில் கீறினால் தரம் தெரியும். மற்றபடி, ஓர் அண்டா பாயசத்துக்கு ஒரு சொட்டு போதும் என்கிற எண்ணெய் ஒரு பாட்டில் ஜின்னில் கரைந்து கிடந்தாலும், "வாசமே இல்லை, சுத்தமான சரக்கு."

"சோப்புக்குப் போகாத எண்ணெ சாராயத்துல கரையும்" என்றார் ராஜாங்கம் சார். "நாப்பது வருசம் இந்த வாசத்துக்குத் தப்பிச்சு ஏழு கடல் ஓடுனேன்யா. நீ அத ஐஸ் போட்டு, கலக்கி, எலுமிச்சம்பழத் தோலு போட்டு என் கைல குடுக்குற."

நீங்க என்பது நீ ஆகிவிட்டது. நல்லதா கெட்டதா தெரியவில்லை.

அவர் எழுந்து உள்ளே போனார். திரும்பி வரும்போது அவருடைய சொந்த ஜின்னில் போட்ட ஒரு மார்ட்டினி கையில் இருந்தது. என்னிடம் நீட்டினார். "குடி. இதுதான் மார்ட்டினி."

குடித்தேன். குளிர். அப்புறம் கசப்பு. அப்புறம் அந்த வார்னிஷ்.

"எப்படி இருக்கு?"

அவருக்குப் பின்னால் கயல் இரண்டு கைகளையும் கூப்பி நின்றாள். 'பிரமாதம்னு சொல்லுடா' என்று அவள் உதடு மட்டும் அசைந்தது. சொல்லியிருக்கலாம். கடையில் என்றால் "யாருக்கு சார்?" என்று கேட்டுத் தப்பித்திருப்பேன். பனியனோடு நிற்பவனுக்கு அவ்வளவு சாமர்த்தியம் வராது.

"நல்லா இல்ல சார்."

"என்னது?"

"புதுசா வார்னீஸ் அடிச்ச கதவ நக்குன மாதிரி இருக்கு."

தங்கமலை அண்ணன் ஜீப்பை நோக்கி ஓர் அடி எடுத்து வைத்தார்.

"அப்ப உனக்கு எது பிடிக்குது?"

"நாலாம் நம்பருதான் சார். எண்ணெயோ என்னவோ. எனக்கு அதுதான் பிடிச்சிருக்கு."

ராஜாங்கம் சார் என்னையே பார்த்தார். அப்புறம் அவருடைய தோள் குலுங்க ஆரம்பித்தது. கோபம் என்றுதான் நினைத்தேன். சிரிப்பு. சத்தமில்லாத சிரிப்பு. முடித்துவிட்டுக் கண்ணைத் துடைத்தார்.

"கப்பல்ல எத்தன பேருக்கு என் கையால மார்ட்டினி போட்டுக் குடுத்திருக்கேன். எல்லாப் பயலும் பிரமாதம்னான். ஒரு பயலும் ரெண்டாவது வாய் குடிக்கல" என்றவர் மனைவியிடம் திரும்பினார். "இவன் பொய் சொல்லமாட்டான். மூக்கும் கிடையாது. நம்ம பொண்ணு சமையலுக்கு இதவிட நல்ல மாப்ள கிடைப்பானா?"

"நான் சமைக்கப் போறேன்னு யாரு சொன்னா?" என்றாள் கயல்.

நான் அவசரமாக நாலாம் நம்பர் கிளாஸை எடுத்தேன். "இதக் கொட்டிட்டு வந்துர்றேன் மாமா."

"வையி அத. ஆறு மணிக்கு ஒண்ணுதான் என் கணக்கு. இன்னைக்கு உள்ளது அதுதான். குடிச்சுத்தான் தொலைக்கணும்."

இடது கையால் மூக்கை இறுக்கிப் பிடித்துக்கொண்டு, ஷூ போட்ட காலை ஆட்டிக்கொண்டே, கடைசிச் சொட்டு வரை குடித்தார் என் மாமனார்.

கல்யாணப் பந்தியில், என் இலைக்குப் பாயசம் வந்தபோது அவர் எழுந்து நின்று, மண்டபமே கேட்கும்படி, "ஏய், மாப்ளைக்கு இன்னொரு மார்ட்டினி ஊத்துங்கப்பா!" என்றார். தேவாரம் ஊரிலிருந்து வந்திருந்த எங்கள் பக்கத்துச் சொந்தங்களுக்குக் கதை தெரியாது. பாயசத்துக்கு டவுனில் இப்போது அதுதான் பெயர் என்று எடுத்துக்கொண்டார்கள். என் பெரியத்தை இன்றைக்கும் எந்த விசேஷத்துக்குப் போனாலும், "எனக்கு மார்ட்டினி அரைக் கரண்டி போதும்ப்பா, சக்கரை இருக்கு" என்கிறார்.

ஞாயிற்றுக்கிழமைகளில் நானும் மாமாவும் வராந்தாவில் உட்காருகிறோம். அவருக்கு அவருடைய ஜின். எனக்கு மயில் ஜின், இரண்டு ஏலக்காயைத் தட்டிப் போட்டு ஒரு நாள் ஊறவைத்தது. அவர் ஒரு கோடியில், நான் மறு கோடியில். நடுவில் பத்தடி. காற்று என் பக்கமிருந்து அடித்தால் இடம் மாறிக்கொள்கிறோம்.

போன மாதம் என் மகளின் பள்ளிக்கூடத்திலிருந்து கூப்பிட்டார்கள். யுகேஜி படிக்கிறாள். தலைமை ஆசிரியை தஞ்சாவூர்ப் பக்கத்திலிருந்து புதிதாக வந்தவர். என்னை உட்கார வைத்துக் கதவைச் சாத்தினார்.

"உங்க பொண்ணு கிளாஸ்ல என்ன சொன்னா தெரியுமா சார்? 'என் பொறந்தநாளுக்கு எங்க வீட்ல எல்லாரும் மார்ட்டினி குடிச்சோம். நான் ரெண்டு டம்ளர் குடிச்சேன். தாத்தாதான் ஊத்திக் குடுத்தாங்க.' இது என்ன சார்?"

சொன்னேன். முழுக் கதையையும், பனியன் வரை. அவர் சிரிக்கவில்லை. நம்பினாரா என்றும் தெரியவில்லை. மேஜையைத் தாண்டிக் கொஞ்சம் முன்னால் சாய்ந்து, மூச்சை மெதுவாக இழுத்தார். குடித்திருக்கிறேனா என்று மோந்து பார்க்கிறார்!

"மேடம், நான் குடிக்கல."

"அது இல்ல சார். நீங்க உள்ள வந்ததுலருந்து ஒரு வாசம்."

"என்ன வாசம்?" என்றேன்.